கொடைக்கானல் ஏறும் காருக்கு எந்த வரைபடம்?

கார் வாங்கப்போகிற நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அது இப்படி இருந்தது: "டாப் மாடல்ல நேவிகேஷன் வருது, அதுக்காக எக்ஸ்ட்ரா கொடுக்கலாமா, இல்ல நடு மாடல எடுத்துட்டு தனியா ஒரு ஜிபிஎஸ் வாங்கி ஒட்டிக்கலாமா?" இன்றைக்கு அந்தத் தனிக் கருவியின் இடத்தில் பெரும்பாலும் போன் வந்து உட்கார்ந்துவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. வழி காட்டும் வரைபடம் வண்டியோடு பிறந்ததாக இருக்கணுமா, நாம் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவதாக இருக்கணுமா?

இதைப் பற்றி வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகளை நான் விடாமல் படிப்பவன். பெரும்பாலானவை ஏமாற்றம்தான். திரை எத்தனை அங்குலம், விரல் பட்டதும் எவ்வளவு சீக்கிரம் அசைகிறது, குரல் இனிமையாக இருக்கிறதா, டேஷ்போர்டின் அழகைக் கெடுக்கிறதா என்று ஒரு பட்டியல் போட்டு, கடைசியில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஓட்டிப் பார்ப்பதும் நகரத்துக்குள், இல்லையென்றால் நான்குவழிச் சாலையில். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போக யாருக்கு ஐயா கருவி வேண்டும்? சாலையோரப் பச்சைப் பலகையே போதுமே. வழிகாட்டும் கருவியைச் சோதிப்பதென்றால் வழி தவறக்கூடிய இடத்தில், தவறினால் விலை கொடுக்க வேண்டிய இடத்தில் சோதிக்கணும்.

அப்படி ஒரு இடமாக நான் பழனி மலைத்தொடரை எடுத்துக்கொள்கிறேன். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே. கீழே வத்தலகுண்டும் பழனியும் முந்நூறு சொச்சம் மீட்டரில் இருக்கின்றன. இந்த உயரத்தை ஏற வெவ்வேறு தரத்தில் பல பாதைகள். வத்தலகுண்டிலிருந்து காமக்காபட்டி செக்போஸ்ட், ஊத்து, பெருமாள்மலை வழியாக ஏறுவது பெரிய பாதை, லாஸ் காட் என்று ஆங்கிலேயர் காலத்துப் பெயர். பழனியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக ஏறுவது சுமார் 64 கிலோமீட்டர், அதுவும் பெருமாள்மலையில் வந்து சேரும். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்தோ ஐயம்பாளையம் பக்கமிருந்தோ கீழ்ப்பழனி மலைக் கிராமங்களான பாச்சலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று சுற்றிக்கொண்டும் வரலாம். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஒன்று. அப்புறம் மூடிப்போன பாதை ஒன்றும் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "மலையில டவர் கிடைக்காதே, அப்புறம் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்?" என்று பலர் கேட்கிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, குறைந்தது நான்கு கோள்களிலிருந்து கிடைத்தால், கருவி தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அது எதையும் மேலே அனுப்புவதில்லை, நம்மூர் நாவிக்கும் அப்படித்தான். டவர் தேவைப்படுவது வரைபடத்துக்கு. போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காமல் போனால், நாம் இருக்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும், சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். பண்ணைக்காட்டைத் தாண்டி ஏதோ ஒரு வளைவில் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காரோடு வரும் நேவிகேஷனிலும் பழைய கார்மின், மேப்மைஇந்தியா கருவிகளிலும் வரைபடம் உள்ளேயே சேமிக்கப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, காரோடு வருவதற்கு என்ன பெருமை? ஒரு உண்மையான பெருமை இருக்கிறது, அதை ஒப்பீட்டுக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அந்தக் கருவிக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியும். பல கார்களில் வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை அளக்கும் கைரோவும் அதோடு சேர்ந்திருக்கும். செயற்கைக்கோள் கொஞ்ச நேரம் மறைந்தாலும் "இவ்வளவு தூரம் வந்தோம், இவ்வளவு திரும்பினோம், ஆகவே இங்கே இருக்கிறோம்" என்று அது தொடர்ந்து கணக்குப் போடும். கார் உலகில் இந்த வித்தை ஜிபிஎஸ்ஸை விட மூத்தது. 1981-இல் ஹோண்டா கொண்டுவந்த எலக்ட்ரோ கைரோகேட்டர் என்ற கருவியில் செயற்கைக்கோள் என்ற பேச்சே கிடையாது. கைரோவும் தூரக் கணக்கும்தான், வரைபடத்துக்குக் கண்ணாடித் தாள் போன்ற அச்சிட்ட ஏடுகளைச் செருக வேண்டும். பொதுமக்கள் ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டுமென்றே ஏற்றியிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம்தான் நீக்கியது. அதற்கு முன்னால் சக்கரக் கணக்கு இல்லாமல் கார் நேவிகேஷன் உருப்படியாக இருந்திருக்க முடியாது.

மலைப்பாதையில் இந்த வித்தை பளிச்சென்று தெரியும். கொண்டை ஊசி வளைவில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரு பக்கம் பாறைச் சுவர், மேலே மரக்கூரை. பாறையில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை தூரக் கணக்கைக் கெடுக்கும், நனைந்த இலை சமிக்ஞையை மங்க வைக்கும். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் துல்லியம் காட்டும் போன் இங்கே சில பத்து மீட்டர் தடுமாறலாம். வரைபடத்தில் அம்புக்குறி கீழ்ச் சாலைக்குத் தாவும், "யு டர்ன் எடுங்கள்" என்று பதறும், மறுபடி மேலே வரும். சக்கரமும் கைரோவும் உள்ள கருவி அமைதியாக இருக்கும், வண்டி இப்போதுதான் முழு அரைவட்டம் திரும்பியது என்று அதற்குத் தெரியும்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் காரோடு வருவதே உசத்தி என்று தீர்ப்பு எழுதிவிடலாம். நான் எழுத மாட்டேன். எங்கே அம்புக்குறி தாவுகிறது என்று பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில். அங்கே இருப்பது ஒரே சாலை! ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். கருவி என்ன பதறினாலும் நாம் போகக்கூடிய வழி ஒன்றுதான். தவறான வழியில் போக வாய்ப்பு எங்கே இருக்கிறது? ஊத்தில் பண்ணைக்காட்டுக்குப் பிரியும் இடத்தில், பெருமாள்மலையில் பழனிக்கும் அடுக்கத்துக்கும் பிரியும் இடத்தில், கொடைக்கானலுக்குள் மூஞ்சிக்கல்லிலும் ஏழு ரோட்டிலும். அந்த இடங்களில் கடைகளும் வீடுகளும் திறந்த வானமும் இருக்கும். எந்தச் சாதாரணப் போனும் சரியாக இடம் சொல்லும். ஆக, காரோடு வரும் கருவியின் தனித்திறமை உச்சத்தில் இருக்கும் இடத்தில் நமக்கு அது தேவையில்லை. நமக்குத் தேவைப்படும் இடத்தில் அது மற்றவற்றை விட உசத்தியும் இல்லை.

ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. மூடுபனி. பனி இறங்கி முன்னால் பத்தடி தெரியாத நேரத்தில், அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு மடிப்பு என்று திரையில் பார்த்துக்கொள்வது பெரிய ஆறுதல். அப்போது தாவாத அம்புக்குறிக்கு விலை உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி, விளக்குப் போட்டு, ஒரு டீ குடிப்பது என்பதுதான் அந்தப் பாதையில் தினமும் ஓட்டுகிறவர்களின் கருத்து, என் கருத்தும் அதுவே.

இடம் கண்டுபிடிக்கும் திறமையைப் பற்றி இவ்வளவு போதும். இந்த மலையில் கருவிகள் தோற்பது வேறு விஷயத்தில், வரைபடத்தின் வயதில்.

ஒரு கார் நம்மிடம் பத்து வருஷம் இருக்கும், பதினைந்து வருஷமும் ஓடும். அதோடு பிறந்த வரைபடம்? 2010-களில் வந்த பல கார்களில் அது ஒரு எஸ்டி கார்டில் இருந்தது. புதுப்பிக்க சர்வீஸ் சென்டருக்குப் போகணும், முதல் சில வருஷம் இலவசம், அப்புறம் காசு, அப்புறம் "அந்த மாடலுக்கு அப்டேட் வர்றதில்ல சார்". எனக்குத் தெரிந்த ஒருவர் கார்டைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு அந்த இடத்தில் இளையராஜா பாட்டு கார்டு போட்டுக்கொண்டார். மிகச் சரியான பயன்பாடு.

பழனி மலையில் பத்து வருஷத்தில் என்னவெல்லாம் மாறுகிறது? 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து கொடைக்கானல் பாதைகள் அடைபட்டன. அடுக்கம் சாலை மழைக்காலத்து மண்சரிவில் பலமுறை மூடித் திறந்திருக்கிறது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குள் வெளியூர் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. பழனியில் கிரிவலப் பாதைக்குள் தனியார் வாகனங்கள் போவதற்கு 2024-இல் தடை வந்தது. அதற்கு முந்தைய வரைபடத்தை நம்பி அடிவாரத்துக்குப் போகிறவரைக் கருவி நேராக அந்தப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இது இன்னும் தீவிரமாகும். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வரும் சாலையில் இரவெல்லாம் காவடியோடு பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும், போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடும். உள்ளே அடைத்துவைத்த வரைபடத்துக்கு மாதமும் தெரியாது, திருவிழாவும் தெரியாது.

கருவியோடு வரும் வன்பொருளும் மூப்படைகிறது என்பதற்கு அழகான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரி 1 அன்று அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் நேவிகேஷன் பொருத்திய பழைய ஹோண்டா கார்களின் கடிகாரம் ஒரே நாளில் 2002-க்குப் போய்விட்டது. ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களைப் பத்து பிட் எண்ணில் எண்ணுகிறது, 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதாவது இருபது வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. அதை எப்படிக் கையாள்வது என்பது காருக்குள் புதைத்த மென்பொருளின் பொறுப்பு. அந்தச் சிக்கல் ஆகஸ்ட் மாதம் தானாகச் சரியாகும் என்று சொல்லப்பட்டது, அதுவரை மக்கள் இருபது வருஷம் பின்னால் ஓடும் கடிகாரத்தோடு வண்டி ஓட்டினார்கள். கையில் எடுத்துப்போகும் கருவியில் இப்படி ஆனால் தூக்கி ஓரம் வைத்துவிட்டு வேறொன்று வாங்கலாம். டேஷ்போர்டைத் தூக்கி ஓரம் வைக்க முடியுமா?

அடுத்து, வழியைத் தேர்ந்தெடுப்பது. இதில் மூன்று வகைக் கருவிகள் மீதும் எனக்குக் குறை இருக்கிறது. தூரத்தையும், ஒவ்வொரு வகைச் சாலைக்கும் உத்தேச வேகத்தையும் வைத்துத்தான் சேமித்த வரைபடங்கள் நேரம் கணிக்கின்றன. ஏற்றம் எவ்வளவு, சாலை எவ்வளவு அகலம், எதிரே பேருந்து வந்தால் யார் பின்வாங்க வேண்டும், இதெல்லாம் அந்தக் கணக்கில் பெரும்பாலும் இல்லை. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் பேருந்தில் ஏறி உட்கார்ந்தவருக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். கருவி முதல் தடவை சொல்லும் நேரத்தைக் கேட்டு மதிய சாப்பாட்டுக்கு ஹோட்டலில் சொல்லி வைத்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

பெரியகுளம் கதை இன்னும் சுவாரசியம். வரைபடத்தில் பெரியகுளமும் கொடைக்கானலும் ஒட்டியே இருக்கின்றன. சாலை வருவதற்கு முந்தைய காலத்தில் அந்தப் பக்கமிருந்துதான் வெள்ளகவி வழியாக நடந்தும் டோலியிலும் மேலே ஏறினார்கள். நடப்பவருக்கு நேர்க்கோடு லாபம். அந்தப் பழைய ஆசையின் கார் வடிவம்தான் அடுக்கம் சாலை. தேனிப் பக்கமிருந்து வருபவருக்குத் தூரம் மிச்சம் என்று கருவி அதைக் காட்டும். குறுகலான சாலை, செங்குத்தான ஏற்றம், மழை பெய்தால் மண் இறங்கும். பகலில், வறண்ட நாளில், மலை ஓட்டிப் பழகியவருக்கு அருமையான பயணம். ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தைகளோடு முதல் தடவை ஏறும் சமவெளிக்காரருக்கு அது பரிந்துரையா? இரண்டு பேருக்கும் ஒரே நீலக் கோடுதான்.

இது வெறும் அசௌகரியம் பற்றிய புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, ராம்கங்கா ஆற்றின் மேல் முடிவடையாமல் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியைப் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்ததாகச் செய்திகள் வந்தன. அங்கே தடுப்பு வைக்காதவர்கள் மேல்தான் முதல் பொறுப்பு என்பது என் அபிப்பிராயம். ஆனால் பாலம் பாதியில் நிற்பது அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். தெரியாமல் போனது வரைபடத்துக்கும் அதை நம்பிய வெளியூர்க்காரருக்கும்தான்.

போனில் வரும் உடனடி நெரிசல் தகவலைப் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் துருப்புச் சீட்டாக இறக்குகிறார்கள். சீசன் சனிக்கிழமை பெரிய பாதையில் வண்டிகள் நிற்கும்போது, அது தெரிவது நல்லதுதான். ஆனால் தெரிந்த பிறகு செயலி என்ன செய்யும்? மாற்றுவழி தேடும். கிடைப்பது பண்ணைக்காடு, தாண்டிக்குடிச் சாலை. காப்பியும் மிளகும் மலைவாழையும் கீழே இறங்குவதற்காக, கிராமத்து ஜீப்புகளுக்கும் மினி பஸ்ஸுக்கும் அளவாகப் போட்ட சாலை. அதில் இருபது சுற்றுலா வண்டிகளைத் திருப்பிவிட்டால் எதிரே வரும் காய்கறி வண்டி ஒதுங்க இடமில்லை. என் பயணத்தில் பதினைந்து நிமிஷம் மிச்சப்படுத்த ஒரு ஊரின் சந்தை நேரத்தைச் செலவழிக்கிற ஏற்பாடு இது. பழைய கார்மின் கருவிக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது, அது பெரிய பாதையிலேயே கூட்டிக்கொண்டு போய் நெரிசலில் உட்கார வைக்கும். சில சமயம் மக்குக் கருவியே மரியாதையான கருவி.

ஊர்ப் பெயர்களுக்கு வருகிறேன். இதை எந்த ஒப்பீட்டிலும் பார்க்க முடியாது, ஆனால் தமிழ்நாட்டில் கருவி வாங்குகிறவர் முதலில் சோதிக்கவேண்டியது இதைத்தான். "பழனி மலை" என்று தேடுங்கள். நமக்கே அதற்கு இரண்டு பொருள். ஒன்று, எழுநூறு படிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறினால் முருகன் நிற்கும் குன்று. இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டிருக்கும் முழு மலைத்தொடர். கொடைக்கானல் ரோடு என்று ரயில் நிலையம் இருக்கிறது, அது அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர்! ரயிலை விட்டு இறங்கி "எங்கய்யா மலை?" என்று கேட்டவர்கள் எத்தனை தலைமுறையோ. பழனிப் பாதையில் வடகவுஞ்சி, மன்னவனூர்ப் பக்கம் கவுஞ்சி, இரண்டும் மலையின் இரு வேறு மூலைகள். அவசரத்தில் முதல் நான்கு எழுத்தைத் தட்டி முதல் விடையைத் தொட்டால் அரைநாள் போச்சு.

வத்தலகுண்டு ஆங்கிலத்தில் பட்லகுண்டு. தமிழில் பேசுகிறவர் தமிழ் ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டினால் பழைய கருவிகள் கையை விரிக்கும். போனில் எப்படித் தட்டினாலும் ஊகித்துவிடும், ஏனென்றால் லட்சக்கணக்கானவர் தப்புத் தப்பாகத் தட்டியதிலிருந்து அது கற்றுக்கொண்டிருக்கிறது. 2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, கோயம்புத்தூருக்கு வந்த புது எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்த பிறகு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆணை நின்றிருந்தால் காருக்குள் அடைபட்ட வரைபடங்களின் கதி என்னவாகியிருக்கும் என்று அப்போது நான் யோசித்ததுண்டு. போன் ஒரே வாரத்தில் சமாளித்திருக்கும். தனிக் கருவிக்காரர் கம்ப்யூட்டரில் செருகி ஒரு மணி நேரத்தில் புதுப்பித்திருப்பார். காரோடு பிறந்தது பழைய பெயர்களோடே வாழ்ந்து முடித்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு தனிக் கருவியின் குறையையும் சொல்லணும். முன் கண்ணாடியில் ஒட்டுவது, மே மாத வெயிலில் அந்த ரப்பர் உறிஞ்சி கழன்று காலடியில் விழுவது, நிறுத்தும்போதெல்லாம் கழற்றிப் பையில் போடுவது, தொங்கும் வயர். பார்வையை மறைக்கிற இடத்தில் ஒட்டினால் கொண்டை ஊசி வளைவில் ஆபத்து, ஏனென்றால் அங்கே ஓட்டுநர் பார்ப்பது நேரெதிரே இல்லை, கண்ணாடியின் ஓரத்து வழியாக மேலே. போனுக்குச் சூடு வேறு ஒரு நோய். கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது பற்றிச் சட்டமும் தெளிவாக இருக்கிறது: 2020 அக்டோபர் 1 முதல் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம். பாட்டு மாற்றுவதும் மாமாவுக்கு வாட்ஸப் பதில் போடுவதும் அதில் சேராது.

தனிக் கருவிக்கு இன்னும் ஒரு நற்குணம் இருந்தது, நான் அதற்காக ஏங்குகிறேன். அது வழி காட்டும், வேறு எதுவும் செய்யாது. ஓலா வண்டிக்காரர் அழைக்க மாட்டார், வங்கிக்காரர் கடன் வேண்டுமா என்று கேட்க மாட்டார். 2009 அக்டோபரில் கூகுள் தன் ஆண்ட்ராய்டு போன்களில் குரல்வழி வழிகாட்டலை இலவசமாகத் தரப்போவதாக அறிவித்ததும் கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. அந்த வீழ்ச்சியிலிருந்து கார்க் கருவிச் சந்தை எழவே இல்லை. இன்று கடையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கார்மின் கைக்கடிகாரத்துக்கும் விமானத்துக்கும் படகுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது. மேப்மைஇந்தியாவின் தாய் நிறுவனம் வரைபடத்தையே கார் கம்பெனிகளுக்கு விற்று 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. கருவி போய்விட்டது, உள்ளே இருந்த வரைபடம் மறுபடி டேஷ்போர்டுக்குள் குடியேறிவிட்டது.

கார் கம்பெனிகளுக்கு டேஷ்போர்டு மேல் ஏன் இவ்வளவு அக்கறை? ஜெனரல் மோட்டார்ஸ் 2023-இல், வரப்போகும் மின்சாரக் கார்களில் ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது, தன்னுடைய திரையே இருக்கும் என்று அறிவித்தது. வாகன ஓட்டிக்கு நல்லது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வருஷா வருஷம் சந்தா வாங்கக்கூடிய ஒரே பாகம் அந்தத் திரை என்பது நான் சொல்லும் காரணம். டயருக்குச் சந்தா கேட்க முடியாதே!

கேட்கும் நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வது இது. வரைபடத்துக்காக டாப் மாடலுக்குப் போகாதீர்கள். போனின் வரைபடத்தைக் காட்டக்கூடிய திரை உள்ள மாடல் போதும். வசதி உள்ள கார்களில் அந்த இணைப்பின் வழியாக வண்டியின் ஜிபிஎஸ் ஆண்டெனாவையும் சக்கர வேகத்தையும் போனே வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசியில் தாவாத அம்புக்குறியும் நேற்றைய வரைபடமும் ஒன்றாகக் கிடைக்கும். மலை ஏறுமுன் திண்டுக்கல், தேனி, பழனிப் பகுதிகளை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். கூகுள் வரைபடத்தோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஆதாரமாகக் கொண்ட செயலி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஓஸ்மாண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ். பழைய கார்மின் கருவி பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், பல மாடல்களில் அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஏற்றி உயிர் கொடுக்கலாம்.

அந்த இரண்டாவது செயலியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அதன் வரைபடத்தில் தப்பு இருந்தால் நானே திருத்தலாம், பண்ணைக்காட்டுக்காரரும் திருத்தலாம். காருக்குள் இருக்கும் வரைபடத்தில் தப்பு இருந்தால் யாரிடம் சொல்வது? சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றுகிறவரிடமா?

இப்போது அந்த மூடிய பாதை. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறு சேரும் சாலை ஒன்று இருந்தது. எண்பது சொச்சம் கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் வந்தால் கொச்சிப் பக்கம் தப்பிப்பதற்காக ஆங்கிலேயர் அதைச் சீர்படுத்தினார்கள், எஸ்கேப் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. 1990-இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது, கேரளப் பக்கம் 2003 முதல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. பேரிஜம் வரை போகவே வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு மேல் பொதுப் போக்குவரத்து கிடையாது. இன்றைக்குக் கொடைக்கானலிலிருந்து மூணாறு போகணும் என்றால் மலையை விட்டு இறங்கி, தேனி, போடி, போடிமெட்டு என்று 150 கிலோமீட்டருக்கு மேல் சுற்றணும்.

ஷோரூமில் உட்கார்ந்து காரின் நேவிகேஷனில் கொடைக்கானல் டு மூணாறு என்று தட்டிப் பாருங்கள். போடிமெட்டு வழியாகக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம்: அடுத்த வரைபடம் எப்போது வரும், எத்தனை வருஷம் வரும், அதற்கு என்ன விலை. பேரிஜம் வழியாக எண்பத்து சொச்சம் கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் என்று காட்டினால், டீயைக் குடித்து முடித்துவிட்டு நடு மாடலின் விலையைக் கேளுங்கள்.